வட்டத்தைச் சதுரமாக்கிய ராமானுஜன்



சதுரத்தின் பரப்பு என்னன்னு கேட்டால், பக்கம் பெருக்கல் பக்கம் என்று பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான். அதே பக்கத்தை எக்ஸ் கூட்டல் 3 என்று சார் போர்டில் எழுதிவிட்டால் போதும், நம்மில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவோம்! விரித்து எழுதினால் எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் 6 எக்ஸ் கூட்டல் 9. அவ்வளவுதான். தெரியாத நீளத்துக்கு ஓர் எழுத்தைக் கொடுத்துப் பரப்பைக் காண்கிறோம். இந்தச் சின்ன வித்தையோடு பெரிய புதிர் ஒன்றில் இறங்கியவர், நமக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்தவர். ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறி, அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் வரும் கும்பகோணம்தான் அந்த ஊர்.

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார். அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. டவுன் ஹைஸ்கூலில் கணக்கில் பரிசு வாங்கிய பையன், அரசுக் கல்லூரியில் சேர்ந்ததும் மற்றப் பாடங்களைக் கோட்டை விட்டார். உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்து 1906-ல் எப்.ஏ. தேர்வில் பெயில். 1907-ல் மறுபடியும் எழுதி மறுபடியும் பெயில்! நம்ம பாஷையில் சொன்னால், கடைசிவரை முடிக்காத அரியர்ஸ்.

டிகிரி இல்லை, வேலை இல்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். 1912-ல் சென்னை துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய்.

1913-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவருடைய சிறு கட்டுரை ஒன்று வந்தது. ஒரு வட்டத்தின் பரப்புக்குச் சமமான சதுரத்தை ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வைத்து வரைவது எப்படி? சதுரத்தின் பக்கம் எக்ஸ் என்றால், எக்ஸ் ஸ்கொயர் என்பது பை ஆர் ஸ்கொயருக்குச் சமம். ஆனால் இதைத் துல்லியமாக வரையவே முடியாது என்று 1882-லேயே ஜெர்மானியர் லிண்டமன் நிரூபித்திருந்தார். ராமானுஜன் பைக்குப் பதில் 355-ஐ 113-ஆல் வகுத்த பின்னத்தை எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற பக்கத்தை அழகாக வரைந்து காட்டினார்.

அதோடு விடவில்லை. பிழை எவ்வளவு என்பதையும் அவரே சொன்னார். வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் என்றால், பக்கத்தில் கூடுவது சுமார் ஓர் அங்குலம்! அந்தப் பரப்பு இன்றைய தமிழ்நாட்டைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். சதுரத்தின் பக்கமோ சுமார் 374 மைல். ஒர்க்‌ஷாப்பில் டாலரன்ஸ் பார்க்கும் நமக்கு இதன் அருமை தெரியாதா?

அதே ஆண்டு ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜில் ஹார்டியை அசைத்தது. 1914-ல் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். உடல் நலிந்து திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் மறைந்தார். வயது 32தான்.

நண்பர்களே! ராமானுஜனே பெயில் ஆனார், நமக்கென்ன என்று அரியர்ஸுக்குச் சாக்குத் தேடாதீர்கள். பெயில் ஆனதால் அவர் மேதை ஆகவில்லை. பெயில் ஆன பிறகும் சிலேட்டைக் கீழே வைக்காததால் ஆனார். தன் விடையில் பிழை எவ்வளவு என்று அளந்து சொன்னாரே, அதைப் பிடித்துக்கொள்வோம். நம் குறை எவ்வளவு என்று நாமே அளந்தால், சரிசெய்வது பாதி முடிந்த மாதிரி!