தளபதி ஸ்மட்ஸ்

உலக வரலாற்றில் போற்றுவோரையும் தூற்றுவோரையும் ஒருங்கே பெற்ற தலைவர்கள் பலர் உள்ளனர். அவர்களுள் ஒருவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த யான் ஸ்மட்ஸ். இவர் போர்க்களத்தில் படைத்தளபதியாக விளங்கியவர். பின்னர் அமைச்சராகவும் பிரதமராகவும் நாட்டை ஆண்டவர். மகாத்மா காந்தியின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் எதிர்த்தரப்பில் நின்றவரும் இவரே.

ஸ்மட்ஸ் 1870ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், பிரிட்டிஷாரின் ஆட்சியில் இருந்த கேப் பகுதியில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்து தென்னாப்பிரிக்காவில் குடியேறி, டச்சு மொழியின் ஒரு வகையைப் பேசிய வெள்ளையர் ‘போயர்’ என்று அழைக்கப்பட்டனர். ஸ்மட்ஸின் குடும்பமும் அவ்வினத்தைச் சேர்ந்தது. மூத்த மகனை மட்டும் படிக்க வைப்பது அக்குடும்பத்தின் வழக்கம். இரண்டாம் மகனான ஸ்மட்ஸ், பண்ணையில் கால்நடைகளை மேய்த்து வந்தார். 1882இல் அண்ணன் நோயுற்று இறந்தார். அதன் பிறகுதான், தம் 12ஆவது வயதில், ஸ்மட்ஸ் பள்ளியில் சேர்ந்தார். காலந்தாழ்ந்து கற்கத் தொடங்கினாலும் மற்றவர்களை விரைவில் முந்தினார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, தேர்வுகளில் முதல் நிலையில் தேறினார்.

1895இல் தாயகம் திரும்பிய ஸ்மட்ஸ், பிரிட்டிஷாரும் போயர்களும் ஒற்றுமையாக வாழ முடியும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை விரைவிலேயே சிதைந்தது. பிரிட்டிஷ் ஆதரவாளர்கள் சிலர், போயர்களின் டிரான்ஸ்வால் குடியரசைக் கவிழ்க்கப் படையுடன் புகுந்தனர். அம்முயற்சி தோற்றது. எனினும், அது ஸ்மட்ஸின் மனத்தை மாற்றியது. அவர் டிரான்ஸ்வாலுக்குக் குடிபெயர்ந்தார். 1898இல், 28 வயதிலேயே, அக்குடியரசின் அரசு வழக்குரைஞராக நியமிக்கப்பட்டார்.

1899இல் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. அடுத்த ஆண்டே டிரான்ஸ்வாலின் தலைநகரான பிரிட்டோரியா வீழ்ந்தது. சட்ட நூல்களோடு வாழ்ந்த ஸ்மட்ஸ் துப்பாக்கி ஏந்திப் படைத்தளபதி ஆனார். 1901இல் சில நூறு குதிரை வீரர்களுடன் பிரிட்டிஷாரின் கேப் பகுதிக்குள் ஊடுருவினார். உணவும் உடையும் இன்றி, மழையிலும் குளிரிலும் அலைந்து, எதிர்பாராத இடங்களில் தாக்கி மறைந்தார். பெரும்படையாலும் அவரைப் பிடிக்க இயலவில்லை. ஆனால், அப்போரின் துன்பம் பொதுமக்களையே அதிகம் வாட்டியது. பிரிட்டிஷார் போயர்களின் பண்ணைகளை எரித்து, குடும்பங்களை முகாம்களில் அடைத்தனர். அம்முகாம்களில் 26,000க்கும் மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் நோயாலும் பசியாலும் மாண்டனர். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பின மக்களும் பல்லாயிரவர் இறந்தனர்.

1902 மே மாதத்தில் அமைதிப் பேச்சு நடந்தது. போரைத் தொடர்ந்தால் தம் இனமே அழிந்துவிடும் என்று உணர்ந்த ஸ்மட்ஸ், ஒப்பந்தத்தை ஏற்கும்படி தம் மக்களை வற்புறுத்தினார். அவ்வொப்பந்தத்தின் ஒரு விதியை உருவாக்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. முன்னாள் போயர் குடியரசுகளில் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை வழங்கலாமா என்பதைத் தன்னாட்சி கிடைத்த பின்னரே முடிவு செய்ய வேண்டும் என்பதே அவ்விதி. தன்னாட்சி வெள்ளையர் கைக்கே வந்ததால், பெரும்பான்மை மக்களின் உரிமை மறுக்கப்பட்டது.

1907இல் டிரான்ஸ்வாலில் தன்னாட்சி அரசு அமைந்தது. தளபதியாக இருந்த ஸ்மட்ஸ் அதில் அமைச்சரானார். ஆசியர்கள் கைரேகையைப் பதிந்து சான்றிதழ் பெற வேண்டும் என்ற சட்டத்தை அவர் நடைமுறைப்படுத்தினார். காந்தியின் தலைமையில் இந்தியர்கள் அதனை எதிர்த்துச் சிறை சென்றனர். 1908இல் இருவரும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர். இந்தியர்கள் தாமாகவே பதிவு செய்துகொண்டால், சட்டம் நீக்கப்படும் என்று காந்தி நம்பினார். இந்தியர்கள் பதிவு செய்துகொண்டனர், சட்டமோ நீக்கப்படவில்லை. அவ்வாறு தாம் வாக்களிக்கவே இல்லை என்றார் ஸ்மட்ஸ். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்த இந்தியர்கள், ஜோகானஸ்பர்க் நகரில் ஒன்றுகூடித் தங்கள் சான்றிதழ்களைத் தீயிலிட்டனர்.

1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் பிறந்தது. அதன் முதல் அமைச்சரவையில் உள்துறை, சுரங்கம், தற்காப்பு ஆகிய மூன்று பொறுப்புகளை ஸ்மட்ஸ் வகித்தார். 1913இல் அவ்வரசு கொண்டுவந்த நிலச் சட்டம், கறுப்பின மக்கள் நிலம் வாங்கக்கூடிய பகுதியை நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காட்டிற்குள் சுருக்கியது.

அதே ஆண்டில் இந்தியர்களின் போராட்டம் மீண்டும் வெடித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர்கள் மீது ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி விதிக்கப்பட்டிருந்தது. கிறித்துவ முறைப்படி நடைபெறாத திருமணங்கள் செல்லாது என்ற நீதிமன்றத் தீர்ப்பும் வெளிவந்தது. தொழிலாளர்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் போராடினர். அவர்களுள் தமிழர் பலர் இருந்தனர். சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை கடும் காய்ச்சலுக்கு ஆளாகி, விடுதலையான சில நாள்களிலேயே, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் தம் 16ஆவது வயதில் உயிர்நீத்தார்.

இதற்கிடையே வெள்ளை இரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அரசாங்கம் தடுமாறிய அவ்வேளையைப் பயன்படுத்திக்கொள்ள விரும்பாத காந்தி, தம் போராட்டத்தை ஒத்தி வைத்தார். இப்பண்பு ஸ்மட்ஸைச் சிந்திக்க வைத்தது. இருவரும் பேசி உடன்பாடு கண்டனர். 1914இல் இயற்றப்பட்ட சட்டம், மூன்று பவுண்டு வரியை நீக்கி, இந்தியத் திருமணங்களையும் ஏற்றது. காந்தி, சிறையில் தம் கையாலேயே செய்த ஒரு சோடி காலணியை ஸ்மட்ஸுக்குப் பரிசளித்தார். அதனைப் பல கோடைக்காலங்களில் அணிந்த ஸ்மட்ஸ், அத்தகைய மாமனிதரின் காலணியில் நிற்கத் தமக்குத் தகுதியில்லை என்று பிற்காலத்தில் எழுதினார்.

முதல் உலகப் போரில் ஸ்மட்ஸ் பிரிட்டிஷாரின் பக்கம் நின்று, ஆப்பிரிக்காவில் படை நடத்தினார். தம்மை எதிர்த்துப் போரிட்ட தளபதியையே இலண்டன் தன் போர் அமைச்சரவையில் அமர்த்திக்கொண்டது. 1919இல் அவர் தென்னாப்பிரிக்காவின் பிரதமரானார். 1922இல் வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது, படையையும் வானூர்திகளையும் ஏவி அதனை அடக்கினார். ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். 1924 தேர்தலில் அவர் ஆட்சியை இழந்தார். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939இல் மீண்டும் பிரதமரானார்.

1945இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு உருவானபோது, அதன் சாசனத்தின் முகவுரைக்கு முதல் வரைவை எழுதியவர் ஸ்மட்ஸ். அடிப்படை மனித உரிமைகள் என்ற கருத்தை அவர் அதில் சேர்த்தார். மறு ஆண்டே, இந்தியர்கள் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் கட்டுப்பாடு விதிக்கும் சட்டத்தை அவருடைய அரசு இயற்றியது. இந்தியா இதனை ஐக்கிய நாடுகள் அமைப்பில் எழுப்பியது. ஸ்மட்ஸ் தாமே நேரில் சென்று வாதாடினார். ஆயினும், பொதுப்பேரவையின் தீர்மானம் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகவே அமைந்தது. அவர் எழுத உதவிய சாசனமே அவரைக் கேள்வி கேட்டது.

1948 தேர்தலில் ஸ்மட்ஸின் கட்சி தோற்றது. அவரும் தம் தொகுதியை இழந்தார். புதிய அரசு இன ஒதுக்கல் கொள்கையை நாடெங்கும் கடுமையாக நடைமுறைப்படுத்தியது. 1950 செப்டம்பர் 11ஆம் நாள், தம் 80ஆவது வயதில், ஸ்மட்ஸ் காலமானார்.

அவர் அஞ்சாத வீரர், ஆழ்ந்த அறிஞர், பகைவரோடும் கைகுலுக்கத் தெரிந்தவர். ஆயினும், அவர் பேசிய உரிமையும் ஒற்றுமையும் பெரும்பாலும் வெள்ளையரின் எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டன. உரிமை என்பது எல்லார்க்கும் பொதுவானது என்பதை அவர் எழுதிய சொற்கள் உலகிற்கு உணர்த்தின. அச்சொற்களைத் தம் சொந்த நாட்டில் செயலாக்கத் தவறியதே அவருடைய வாழ்வின் பெருங்குறையாக நிலைத்துவிட்டது.