படுக்கையே பணிக்களம்

1895-ஆம் ஆண்டின் இறுதியில், நாம் பயிலும் இப்பெங்களூருக்கு அயர்லாந்துப் பெண்மணி ஒருவர் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். வயது 27. கிறித்துவ ஊழியத்திற்கென வந்த ஆமி கார்மைக்கேல் அம்மையார்தாம் அவர். தமிழ் பயின்றார், பின்னர்த் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றார்.

1901-இல், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அன்றுமுதல் அவர் பணி திசை திரும்பியது. டோனாவூரில் அவர் கண்ட இல்லத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வளர்ந்தனர். அனைவர்க்கும் அவரே அம்மா.

1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்தார், கால் முறிந்தது. ஓடியாடி உழைத்தவரை ஓர் அறை சிறைகொண்டது. பலர் செபித்தனர், நலமோ திரும்பவில்லை. நலமுடன் இருப்போர் நோயாளிகட்கென எழுதும் ஆறுதல் ஏடுகள் அவர் நெஞ்சைத் தொடவில்லை. வலியுற்றவர்க்கு வலியறிந்தவர் சொல்லன்றோ மருந்து? எனவே, நோயாளி நோயாளிக்கு எழுதும் மடல்களைத் தாமே வரைந்தார். 1933-இல் அவை நூலாயின. மேலும் பல நூல்கள் அப்படுக்கையிலேயே பிறந்தன.

துன்பம் ஏன் வந்தது என்பதைவிட, அதை யாருக்குப் பயன்படுத்துவது என்பதே அவர் கண்ட வழி. சிலுவையில் வலியுற்ற கிறிஸ்து தம் வலியையும் அறிவார் என்ற நம்பிக்கையே அவருக்குத் துணை.

1951 சனவரி 18 அன்று மறைந்தார். கல்லறைக்கல் வேண்டாம் என்பது அவர் விருப்பம். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீரருந்த ஒரு தொட்டி வைத்தனர். அதில் பொறித்தது ஒரே சொல்: அம்மா.