85 வயதில் தம் கதை சொன்ன தமிழ்த் தாத்தா

உ.வே.சாமிநாதையர் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஓலைச்சுவடிதான். சீவக சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று அவர் பதிப்பித்த நூல்களின் பட்டியலைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருப்போம். ஆனால், அவர் தம் சொந்தக் கதையை எழுத உட்கார்ந்தபோது எந்தத் தமிழில் எழுதினார் என்பது தனிக் கதை.

1855-ஆம் ஆண்டு பிறந்தவர் உ.வே.சா. தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம் அவருடைய ஊர். தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். நிலையான வருமானம் இல்லாத குடும்பம். மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கும் ஊராகப் பார்த்து, அரியலூர், குன்னம் என்று குடும்பமே இடம் மாறிக்கொண்டிருந்தது.

1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். வேங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று மாற்றியவரும் பிள்ளைதான். அதே ஊரில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இளைஞர் இசையும் பயின்றார். பாட்டில் மனம் போனால் படிப்பு கெடும் என்பது பிள்ளையின் எண்ணம். அதைத் தெரிந்துகொண்டதும் இசைப் பாடத்தை நிறுத்திவிட்டார். தந்தையின் தொழிலே இசை என்பதை நினைத்தால், அது சின்ன விஷயமல்ல.

1876-இல் பிள்ளை மறைந்தார். 1880-இல் உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அந்த ஆண்டிலேயே அவர் வாழ்க்கையைத் திருப்பிய சந்திப்பும் நடந்தது. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்தார் சேலம் இராமசுவாமி முதலியார். அவரைப் பார்க்கப் போன உ.வே.சா., தாம் யாரிடம் படித்தோம் என்று சொன்னார். பிள்ளையின் பெயரைக் கேட்டும் முதலியாரின் முகத்தில் பெரிய மாற்றமில்லை. படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எல்லாவற்றையும் அடுக்கினார். இவற்றைப் படித்து என்ன பயன் என்ற பாணியில் முதலியார் கேட்டுவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கல்லூரி ஆசிரியருக்கு இது தலைகுனிவு. மறைத்திருக்கலாம், உடன் இருந்தவர்கள் எத்தனை பேர்? 60 ஆண்டு கழித்து எழுதும்போதோ, தமக்கிருந்த பெருமிதம், அது படிப்படியாக இறங்கியது, பதில் சொல்லத் திணறியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதிவைத்தார். பிறகு சமண நூலான சிந்தாமணியைப் புரிந்துகொள்ள அவ்வூர்ச் சமணர்களிடமே போய்ப் பாடம் கேட்டதையும் எழுதினார். 1887-இல் அந்நூல் அச்சேறியது.

அவருடைய நடை ஒரே நாளில் அமைந்ததல்ல. பண்டிதர்களுக்காக எழுதிய தொடக்ககாலப் பதிப்புகளின் முகவுரைகளில் நீண்ட வாக்கியமும் கட்டுமானமான சொல்லும்தான் இருக்கும். ஆசிரியரின் வரலாற்றை 1933, 34-இல் இரண்டு பாகமாக வெளியிட்டபோது அந்த இறுக்கம் தளர்ந்திருந்தது. 1940-இல் ஆனந்த விகடன் வார இதழில் ‘என் சரித்திரம்’ தொடராக வரத் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 85-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. கி.வா.ஜகந்நாதன் போன்ற மாணவர்கள் துணை நின்றார்கள்.

வாசகர்கள் பண்டிதர்கள் அல்லர். வாரப் பத்திரிகை வாங்கும் குடும்பங்கள். செய்யுள் கட்டத் தெரிந்த அந்தக் கை, திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் எழுதியது. தொடங்குவதே தம்மைப் பற்றியல்ல, ஊரைப் பற்றி. ஏகாதசியன்று தாம்பூலம் போட்டுவிட்ட ஓர் அரசர் அதற்குப் பரிகாரமாகத் தானம் செய்த ஊர் அது என்ற கதையோடு ஆரம்பிக்கிறது. பிறகு யார் வீட்டில் தங்கினோம், யார் உதவினார்கள், ஆசிரியருக்கு எவ்வளவு பணமுடை என்று நகர்கிறது. பல பக்கங்களில் அவர் ஓரமாக நிற்கிறார். நடுவில் இருப்பவர் பிள்ளை.

நம்மவர்களில் சிலர் வாழ்க்கை வரலாறு எழுதத் தொடங்கியதுமே மேடைத் தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள். பெரட்டுக்குப் போன விடியற்காலையும் லயத்து வீட்டு அடுப்பும் காணாமல் போய், விருதும் மாலையும்தான் மிஞ்சுகின்றன. மகாமகோபாத்தியாயர் பட்டமும் சென்னைப் பல்கலைக்கழக டாக்டர் பட்டமும் பெற்றவருக்கு விருதுக்கா பஞ்சம்? ஆனால் அவர் கதை அந்தப் பட்டங்கள் வரும் காலத்தை எட்டவேயில்லை. 122 அத்தியாயங்கள் எழுதியும், மணிமேகலை வெளிவந்த 1898-ஐ ஒட்டித்தான் வந்திருந்தார்.

1942 ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1903 முதல் 1919 வரை பணியாற்றிய ஆண்டுகள் உட்பட, 40 ஆண்டுக் கதை அவர் வாயால் சொல்லப்படாமலே நின்றுபோனது. விட்ட இடத்திலிருந்து ‘என் ஆசிரியப்பிரான்’ என்ற நூலில் கி.வா.ஜ. எழுதினார். ‘என் சரித்திரம்’ 1950-இல் நூலாக வந்தது, நின்ற இடத்தில் நின்றபடியே.