அறிஞர் அண்ணாவும் நாடக மேடையும்

சின்னக் காஞ்சிபுரம் என்றதும் வரதராசப் பெருமாள் கோயிலும் பட்டுத் தறியின் ஓசையும் நம் நினைவுக்கு வரும். அவ்வூரில் நெசவுக் குடும்பம் ஒன்றில், நடராசன் - பங்காரு அம்மாள் இணையரின் மகனாக, 1909 செப்டம்பர் 15ஆம் நாள் பிறந்தவர் அண்ணாதுரை. அவரை வளர்த்து ஆளாக்கியவர் அவரால் 'தொத்தா' என்று அழைக்கப்பட்ட சிற்றன்னை இராசாமணி அம்மையார். வறுமை காரணமாகச் சிறிது காலம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்து, பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று 1934இல் பட்டம் பெற்றார். முதல் சிறுகதை 'கொக்கரக்கோ' ஆனந்த விகடனில் வெளிவந்ததும் அவ்வாண்டில்தான். அவருடைய அரசியலைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். நாடகத்தைச் சுவைத்த ஓர் இளைஞர் நாடக ஆசிரியராக உயர்ந்த கதையை மட்டும் ஈண்டுக் கூற விழைகின்றேன்.

அவர் கண்ட மேடை பாட்டு மேடை. சங்கரதாசு சுவாமிகள் 1922இல் மறைந்த பின்னும் அவருடைய பாடல்களே விடிய விடிய ஒலித்தன. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடும்போது கதை நின்றுவிடும். நின்றதைப் பற்றி எவரும் கவலைப்பட்டதில்லை. 1933இல் தம் இருபத்தேழாம் வயதில் கிட்டப்பா மறைந்தார். அப்போது அண்ணா சென்னையில் மாணவர். மறுபக்கம், 1891இல் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் உரைநடை நாடகங்களை வளர்த்திருந்தார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் அச்சபையில் வேடமிட்டது மதிப்புக்குரிய பொழுதுபோக்காயிற்று. வயிற்றுப் பிழைப்புக்காக நடித்தவர்க்கோ 'கூத்தாடி' என்ற பெயரே எஞ்சியது.

ஈரோட்டில் பத்திரிகைப் பணியில் இருந்தபோது டி.கே.எஸ். சகோதரர்களின் 'குமாஸ்தாவின் பெண்' நாடகத்தைக் கண்டு, அதனைப் பாராட்டி எழுதினார் அண்ணா. வரதட்சணைக் கொடுமையில் சிக்கிய ஏழைக் குடும்பத்தின் கதை அது. வங்காள மூலம் ஒன்றைத் தழுவியது. 1941இல் திரைப்படமாகவும் வந்தது. நல்ல சுவைஞர் பாராட்டியதோடு அமைவதில்லை. அவரும் அமையவில்லை. அதே தலைப்பில், 'கொலைகாரியின் குறிப்புகள்' என்னும் துணைத் தலைப்போடு, தாமே ஒரு கதை எழுதினார். பார்வையாளர் எழுத்தாளரான இடம் இதுவென்றே நான் கருதுகின்றேன்.

1942இல் காஞ்சியில் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு 'சந்திரோதயம்' மேடையேறியது. அதில் அவரே நடித்தார். முதுகலை கற்றவர் முகத்தில் அரிதாரம் பூசி, இயக்க மேடையில் தொழில்முறை நடிகரோடு தோளோடு தோள் நின்றது அக்காலத்தில் எளிய செயலன்று. 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் அவர் ஏற்றது காகபட்டர் வேடம். 1674இல் முடிசூடிய மராட்டிய மன்னராக நடித்தவர் வி.சி. கணேசன் என்னும் இளைஞர். எம்.ஜி.ஆருக்கென்று கருதப்பட்ட வேடம் அவருக்கு வாய்த்தது. நீண்ட வசனம் முழுவதையும் அவர் மிக விரைவில் நெட்டுருச் செய்தார் என்பர். அந்நடிப்பைக் கண்டு பெரியார் வழங்கிய 'சிவாஜி' என்னும் பெயரே பின்னர் நிலைத்தது.

அண்ணாவின் நாடகங்களில் தலையாயவை கே.ஆர். இராமசாமிக்காக எழுதப்பட்டவை. அவர் பாலர் நாடகக் குழுவில் பயின்று, பாட்டிலும் நடிப்பிலும் தேர்ந்து, 'நடிப்பிசைப் புலவர்' என்று போற்றப்பட்டவர். கலைவாணரின் பெயர் தாங்கிய அவருடைய கிருஷ்ணன் நாடக சபா 'வேலைக்காரி', 'ஓர் இரவு' ஆகியவற்றை நடத்தியது. 'ஓர் இரவு' நாடகத்தைக் கண்ட கல்கி, அரசியலில் மாறுபட்டவராயினும், அண்ணாவை இப்சன், பெர்னாட் ஷா வரிசையில் வைத்துப் பாராட்டினார். மாறுபட்டோர் மனந்திறந்து பாராட்டிய காலம் அது!

பாடகரை நாயகராகக் கொண்டும் அண்ணா பாட்டைக் குறைத்தார். இசையை வெறுத்தார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தமிழிசைக் கிளர்ச்சியை முழுமூச்சாக ஆதரித்தவர் அவர். பாட்டு செய்த பணியை வசனத்திடம் ஒப்படைத்தார் என்பதே என் துணிபு. எதுகையும் மோனையும் அடுக்கும் முடுகிவரும் அவ்வசனத்துக்கு ஒரு தாளம் உண்டு. என் வகுப்பில் 'வேலைக்காரி'யின் வழக்குமன்றக் காட்சியை மாணவர் ஒருவரை வாசிக்கச் சொன்னேன். மனத்துக்குள் வாசித்தபோது, வளவளவென்று இருக்கிறது ஐயா என்றார். உரக்க வாசிக்கச் சொன்னேன். பாதியிலேயே குரல் தானாக உயர்ந்தது. பின்வரிசையிலும் பேச்சு அடங்கியது. எனினும் ஒரு குறையை மறைத்தல் நேர்மையாகாது. சில இடங்களில் பாத்திரம் மறைந்து பேச்சாளர் அண்ணாவே மேடையில் நிற்கின்றார். அவரைப் பின்பற்றி எழுதியோரிடம் இக்குறை பெருகியது, நிறை பெருகவில்லை.

1949இல் ஏ.எஸ்.ஏ. சாமியின் இயக்கத்தில் 'வேலைக்காரி' திரைப்படமாயிற்று. அவ்வாண்டே என்.எஸ். கிருஷ்ணனின் 'நல்லதம்பி'க்கும் அண்ணா எழுதினார். 1951இல் ஏ.வி.எம். தயாரித்த 'ஓர் இரவு' படத்தில் பாரதிதாசன் பாடல் ஒன்று இடம்பெற்று இன்றும் கேட்கப்படுகிறது. நாடகத்தில் பின்வாங்கிய பாட்டு திரையில் மீண்டும் முன்வந்து அமர்ந்ததைக் காண வியப்பாகவே இருக்கிறது.

பிறகு அரசியல் அவரை முழுதும் ஆட்கொண்டது. 1957இல் காஞ்சியிலிருந்து சட்டமன்றம் சென்றார், 1962இல் அதே ஊரில் தோற்றார், 1967இல் முதலமைச்சரானார். நோயுற்றிருந்த நிலையில் 1969 சனவரியில் சென்னையில் அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி, பாலர் நாடகக் குழுவில் வளர்ந்த ஒரு நடிகரின் சிலைத் திறப்பு விழா. அச்சிலை கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுடையது. பிப்ரவரி 3ஆம் நாள் அண்ணா மறைந்தார்.