செங்காந்தளுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் யார்? பூவை எண்ணியே செடியை அடையாளம் கண்ட லின்னேயஸின் கதை

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். அதோட அறிவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. இந்தப் பெயரை வைத்தவர் இந்தியாவுக்கே வராத ஸ்வீடன்காரர், கார்ல் லின்னேயஸ்.

யார் இவர்?

1707 மே 23-ல் தெற்கு ஸ்வீடனின் ரோஷுல்ட் கிராமத்தில் பிறந்தார். அப்பா நில்ஸ் தேவாலய போதகர், தோட்டப் பிரியர். அந்த ஆசை மகனையும் பிடித்துக்கொண்டது. மருத்துவம் படிக்கப் போன லின்னேயஸ், உப்சாலா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருக்கும்போதே தாவரவியல் பாடம் எடுத்தார். 1732-ல் லாப்லாந்து முழுக்க அலைந்து செடிகளைச் சேகரித்தார்.

என்ன சிக்கல்?

அப்போது ஒரு செடியின் பெயரே ஒரு வரிக்கு நீளும். ஒரே செடிக்கு ஆளுக்கொரு பெயர் வேறு. அன்றைக்கு மருந்தில் பெரும்பகுதி செடியில் இருந்துதான் வந்தது. செடி மாறிப்போனால் நோயாளி உயிருக்கே ஆபத்து.

எப்படித் தீர்த்தார்?

1735-ல் ஒரு எளிய வழி சொன்னார். பூவின் ஆண் உறுப்பான மகரந்தத்தாள் எத்தனை, எப்படி அமைந்திருக்கு என்று பாருங்க. அதை வைத்து மொத்தம் 24 வகுப்புகள். அடுத்து பெண் உறுப்பில் சூல்தண்டு எத்தனை என்று எண்ணுங்க. அவ்வளவுதான். செங்காந்தளில் 6 மகரந்தத்தாள், 1 சூல்தண்டு. எண்ணத் தெரிந்த யாரும் காட்டுப்பூவைத் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்ற நிலை வந்தது.

1753-ல் வெளியான நூலில் சுமார் 6,000 தாவரங்களுக்கு இரண்டே சொல்லில் பெயர் கொடுத்தார். செங்காந்தளும் அதில் ஒன்று.

எதிர்ப்பு ஏன்?

பூவில் ஆண், பெண் உறுப்பு என்று பேசுவதே ஆபாசம் என்று ஜோஹன் சீகெஸ்பெக் என்ற தாவரவியலாளர் கடுமையாகத் தாக்கினார். ஆனால் உண்மையான குறை வேறு. நெல்பூவிலும் 6 மகரந்தத்தாள்தான். அதனால் நெல்லும் செங்காந்தளும் ஒரே வகுப்பில் வந்துவிட்டன! இது அடையாளம் காண உதவும் வழிதான், செடிகளின் இயற்கையான உறவைக் காட்டாது என்பது லின்னேயஸுக்கே தெரியும்.

இன்றைக்கு என்ன மிச்சம்?

1778 ஜனவரி 10-ல் லின்னேயஸ் காலமானார். அவருடைய 24 வகுப்புகள் பின்னாளில் கைவிடப்பட்டன. இப்போது மரபணுவை வைத்தே செடிகளின் உறவைச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு சொல் பெயர் முறை அப்படியே நிலைத்துவிட்டது. பெயர் தெரியாத பூ கையில் கிடைத்தால், தாவரவியல் மாணவர்கள் இன்னைக்கும் மகரந்தத்தாளை எண்ணிப் பார்க்கிறார்கள். செங்காந்தளின் அறிவியல் பெயருக்குப் பின்னால் ‘எல்’ என்று ஒரு எழுத்து இருக்கும். அது லின்னேயஸைக் குறிப்பது.