ஜோசப் விட்வர்த்

சர் ஜோசப் விட்வர்த் (டிசம்பர் 21, 1803 – ஜனவரி 22, 1887) இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியியலாளரும், இயந்திரக் கருவி உற்பத்தியாளரும், கொடையாளரும் ஆவார். திருகின் உடலைச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளம் மரை எனப்படும். இந்த மரைக்கென 1841 ஆம் ஆண்டில் இவர் முன்மொழிந்த அளவுமுறையே, ஒரு நாடு முழுவதும் பரவிய முதல் மரைச் சீர்தரமாகும். துல்லிய அளவீடு, சமதளத் தட்டு, துப்பாக்கி, எஃகு உற்பத்தி ஆகிய துறைகளிலும் இவர் பங்களித்துள்ளார்.

மரையாணிகளில் இவரது சீர்தரம் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் வீட்டுக் குழாய்களில் அது இன்றும் பயன்பாட்டில் உள்ளது. இந்தியாவில் நீர்க்குழாய் இணைப்புகளில் உள்ள மரை விட்வர்த் வடிவத்தைச் சேர்ந்ததே. உதகமண்டலத்தில் ஒரு பழைய வீட்டின் துருப்பிடித்த குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் கடையில் வாங்கிய புதிய குழாயைப் பொருத்த முடிவது இந்தச் சீர்தரத்தால்தான்.

இளமைக் காலம்

விட்வர்த் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்தார். தந்தை சார்லஸ் ஓர் ஆசிரியர். பின்னாளில் சமயப் போதகரானார். விட்வர்த் சிறுவனாக இருந்தபோதே தாயார் இறந்துவிட்டார். பதினான்காம் வயதில், டார்பிசயர் பகுதியில் இருந்த தம் மாமனின் பருத்தி நூற்பாலையில் தொழில் பயில அனுப்பப்பட்டார். ஆலையின் பங்காளியாக அவர் வரவேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். அவருக்கோ நூலைவிட, நூலை நூற்ற இயந்திரங்களின் மீதே ஆர்வம் இருந்தது. அந்த இயந்திரங்கள் எவ்வளவு கரடுமுரடாகச் செய்யப்பட்டிருந்தன என்பதையும் அவர் கவனித்தார். சில ஆண்டுகளில் ஆலையை விட்டு விலகி, மான்செஸ்டரில் சாதாரண இயந்திரத் தொழிலாளியாக வேலைக்குச் சேர்ந்தார்.

1825 ஆம் ஆண்டில் பிரான்செஸ் ஆங்கர்சு என்பவரை மணந்து இலண்டனுக்குச் சென்றார். அங்கு, திருகு வெட்டும் கடைசல் இயந்திரத்தை மேம்படுத்திய ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் பணியாற்றினார். பின்னர், சார்லஸ் பாபேஜின் கணக்கிடும் இயந்திரத்துக்கான பாகங்களைச் செய்துவந்த ஜோசப் கிளெமெண்டிடமும் வேலை பார்த்தார். 1833 ஆம் ஆண்டில் மான்செஸ்டருக்குத் திரும்பி, சொந்தமாக ஒரு பட்டறையைத் தொடங்கினார்.

துல்லிய அளவீடு

இயந்திரம் செய்வதற்கு முதலில் தேவைப்படுவது உண்மையான ஒரு சமதளம். அக்காலத்தில் இரண்டு தட்டுகளை ஒன்றன்மீது ஒன்று வைத்துத் தேய்த்துச் சமன் செய்தனர். இம்முறையில் ஒரு தட்டு சற்றுக் குழிந்தும் மற்றது அதற்கேற்பப் புடைத்தும் இருந்தாலும், இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிடும்; பிழை வெளியே தெரியாது. விட்வர்த் மூன்று தட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றை இரண்டிரண்டாக மாற்றி மாற்றி ஒப்பிட்டு, மேடான இடங்களை மட்டும் சுரண்டி நீக்கினார். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் மூன்றுமே சமதளமாக இருந்தாக வேண்டும். இம்முறை பற்றி 1840 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் நடந்த பிரித்தானிய அறிவியல் சங்கக் கூட்டத்தில் கட்டுரை வாசித்தார்.

1851 ஆம் ஆண்டின் இலண்டன் பெருங்கண்காட்சியில், ஓர் அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை உணரக்கூடிய அளவிடும் இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தார். நுட்பமான திருகு ஒன்றைச் சுழற்றுவதன் மூலமே அது அளவிட்டது.

மரைச் சீர்தரம்

விட்வர்த்துக்கு முன்னர் ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றியபடி மரை வெட்டியது. மரையின் கோணமும் ஆழமும் அங்குலத்துக்கு எத்தனை சுற்று என்பதும் பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டன. ஒரு மரையாணி தொலைந்தால், அந்த இயந்திரத்தைச் செய்த பட்டறையைத் தேடிப் போக வேண்டும். அது மூடப்பட்டிருந்தால் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும்.

விட்வர்த் நாட்டின் பல பட்டறைகளிலிருந்து திருகுகளைத் திரட்டி, அவற்றை அளந்து, சராசரியைக் கணக்கிட்டார். அதன்படி மரையின் பக்கங்களுக்கு இடைப்பட்ட கோணம் 55 பாகை என நிர்ணயித்தார். மரையின் முகடும் அடியும் கூராக இல்லாமல் வட்டமாக உருட்டப்பட வேண்டும் என்றார். ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதையும் வரையறுத்தார். கால் அங்குல ஆணிக்கு 20, அரை அங்குல ஆணிக்கு 12, ஓர் அங்குல ஆணிக்கு 8 என்பன அவற்றுட் சில. இதை 1841 ஆம் ஆண்டில் இலண்டன் கட்டிடப் பொறியாளர் நிறுவனத்தில் கட்டுரையாக முன்வைத்தார்.

பெரும்பாலான பட்டறைகள் தம் பழைய வழக்கத்தைச் சிறிது மாற்றிக்கொண்டாலே போதும் என்பதால், சராசரியில் பிறந்த இந்த அளவுமுறை எதிர்ப்பின்றிப் பரவியது. பிரித்தானிய இரயில் நிறுவனங்கள் இதை முதலில் ஏற்றன. கிரிமியப் போரின்போது (1853–1856) பீரங்கிப் படகுகளுக்கு அவசரமாக நீராவி இயந்திரங்கள் தேவைப்பட்டன. பொறியாளர் ஜான் பென் மாதிரிப் பாகங்களைப் பல பட்டறைகளுக்கு அனுப்பிச் செய்வித்தார். எல்லாரும் ஒரே மரையைப் பயன்படுத்தியதால் பாகங்கள் பொருந்தின; சுமார் 90 நாட்களில் ஏறத்தாழ 90 இயந்திரங்கள் தயாராயின.

இச்சீர்தரத்துக்குக் குறைகளும் உண்டு. 55 பாகைக் கோணத்தையும் உருட்டிய முகட்டையும் துல்லியமாக வெட்டுவதும் சரிபார்ப்பதும் கடினம். அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் செல்லர்ஸ் 1864 ஆம் ஆண்டில் 60 பாகைக் கோணமும் தட்டையான முகடும் கொண்ட எளிய மரையை முன்மொழிந்தார். அமெரிக்கா அதையே பின்பற்றியது. இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டுத் தளவாடங்களின் திருகுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இன்னல் விளைந்தது. எனவே 1948 ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய நாடுகள் 60 பாகைக்கு உடன்பட்டன. மெட்ரிக் மரையும் 60 பாகையையே கொண்டது.

குழாய் மரை

மரையாணிகளில் மறைந்த விட்வர்த் வடிவம் குழாய்களில் நிலைத்தது. 1905 ஆம் ஆண்டில் பிரித்தானியக் குழாய் மரைச் சீர்தரம் இவரது 55 பாகை வடிவத்தின் அடிப்படையில் வெளியிடப்பட்டது. இன்றைய பன்னாட்டுச் சீர்தரமும், இந்தியச் சீர்தரமான ஐ.எஸ். 554 உம் அதே வடிவத்தைப் பின்பற்றுகின்றன. இதன்படி அரை அங்குல, முக்கால் அங்குலக் குழாய்களில் அங்குலத்துக்கு 14 மரைகளும், ஓர் அங்குலம் முதல் ஆறு அங்குலம் வரை 11 மரைகளும் இருக்கும். இந்தியா 1956 ஆம் ஆண்டிலேயே மெட்ரிக் அளவைச் சட்டம் இயற்றியது. எனினும் கடைகளில் குழாய் இன்றும் அரை இஞ்சு, முக்கால் இஞ்சு என்றே கேட்டு வாங்கப்படுகிறது.

அரை அங்குலக் குழாயை அளந்து பார்ப்பவருக்கு அரை அங்குலம் எங்கும் கிடைக்காது. அதன் வெளிவிட்டம் சுமார் 21 மி.மீ. ஆகும். அரை அங்குலம் என்பது ஆதியில் உள்துளையின் அளவைக் குறித்த பெயர். மரை வெளிப்புறத்தில் வெட்டப்படுவதால், பொருத்தத்தைத் தீர்மானிப்பது வெளிவிட்டமே. குழாயின் சுவர் மெல்லியதாயினும் தடித்ததாயினும் வெளிவிட்டம் மாறாது. ஆகவே எந்த வகைக் குழாயும் ஒரே எல்போவில் பொருந்தும்.

நீலகிரியில் பழைய குழாய்கள்

நீலகிரி மாவட்டத்தில் ஆங்கிலேயர் குடியேற்றம் 1819 ஆம் ஆண்டில் ஜான் சல்லிவனின் பயணத்துக்குப் பின் தொடங்கியது. உதகமண்டலத்துக்கு மார்லிமந்து, தொட்டபெட்டா, டைகர் ஹில், பார்சன்ஸ் வேலி போன்ற நீர்த்தேக்கங்களிலிருந்து குடிநீர் வருகிறது. மலைப்பகுதியில் மேட்டிலுள்ள நீர் தாழ்வான இடத்துக்குத் தானே இறங்குகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் வீதம் அழுத்தம் கூடும். எனவே சரிவில் கீழே உள்ள வீடுகளில் இணைப்புகள் உறுதியாக இருக்க வேண்டியுள்ளது.

ஜி.ஐ. பைப் எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், மரை வெட்டும்போது அந்த இடத்தின் பூச்சு போய்விடும். ஆகவே துரு பெரும்பாலும் மரையிலேயே தொடங்கும். அமிலத்தன்மை கொண்ட மென்னீரும், நெடுநாள் நீடிக்கும் ஈரமும் இதை விரைவுபடுத்தும். துருவின் கன அளவு அது உண்டான இரும்பைவிட மிகுதி. எனவே அது மரைகளின் இடைவெளியை நிரப்பிக் குழாயை இறுகச் செய்கிறது.

இறுகிய இணைப்பைக் கழற்றும் வழிமுறை மரையின் வடிவத்தைச் சார்ந்தது. குழாயின் வெளிமரை நுனியை நோக்கி 16-க்கு 1 என்ற அளவில் கூம்பியிருக்கும். அரை அங்குலக் குழாயை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் அது 1.8 மி.மீ. பின்வாங்கும், விட்டத்தில் சுமார் 0.11 மி.மீ. இடைவெளி கிடைக்கும். இது சிறிய அளவாயினும் பிடிப்பு விட்டுப்போக இதுவே போதும். ஆகவே முதல் கால் சுற்றுதான் கடினமானது.

வழக்கமான படிகள் பின்வருமாறு:

முதலில் வால்வை மூடி, தாழ்வான குழாயைத் திறந்து நீரை வடிக்க வேண்டும்.

மரையில் ஊடுருவும் எண்ணெயிட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். இணைப்பைச் சுற்றிலும் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் துரு உதிர்ந்து எண்ணெய்க்கு வழி கிடைக்கும்.

இரண்டு பைப் ரிஞ்சுகளை எதிரெதிர்த் திசையில் பிடிக்க வேண்டும். ஒன்று இணைப்பை அசையாமல் தாங்க, மற்றது குழாயைத் திருப்பும். ஒன்றை மட்டும் பயன்படுத்தினால், முறுக்கு சுவருக்குள் சென்று அங்குள்ள இணைப்பை உடைக்கும்.

முதலில் இம்மியளவு இறுக்கிப் பின்னர் தளர்த்தினால் துருப்பிடிப்பு விடுவதுண்டு.

இவற்றுக்கும் மசியாவிட்டால் குழாயை அறுத்தெடுக்க நேரும். இரு முனையும் பொருத்தப்பட்ட குழாயை ஒரு பக்கம் கழற்றினால் மறுபக்கம் இறுகும். எனவே அறுத்த இடத்தில் யூனியன் எனப்படும் கழற்றக்கூடிய இணைப்பு வைக்கப்படுகிறது. பழைய இணைப்புகளில் சணல் இழையுடன் வெள்ளை ஈயக் களிம்பு பூசப்பட்டிருக்கலாம். ஈயம் நச்சுப் பொருள் என்பதால் சுரண்டிய துகளை நீரில் கலக்கவிடாமல் துடைத்தெடுக்க வேண்டும். புதிய இணைப்பில் டெஃப்லான் நாடா போதுமானது.

தற்போது பிளாஸ்டிக் குழாய்கள் பசையால் ஒட்டப்படுகின்றன. எனினும் திறப்புக் குழாய் பொருந்தும் முனையில் பித்தளை மரை வைக்கப்படுகிறது; அதுவும் விட்வர்த் வடிவமே. குன்னூருக்கு அப்பால் உள்ள ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருப்பவர் கடைத்தெருவுக்குச் சென்று திரும்ப அரை நாள் ஆகிவிடக்கூடும். அவர் பழைய குழாயை உடன் எடுத்துச் செல்லாமல் அளவை மட்டும் சொல்லி வாங்கி வந்தாலும் அது பொருந்தும்.

பிற பணிகள்

1854 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு இவரிடம் துப்பாக்கி ஆய்வுப் பணியை ஒப்படைத்தது. அறுகோணத் துளை கொண்ட இவரது துப்பாக்கி, 1857 ஆம் ஆண்டுச் சோதனைகளில் என்ஃபீல்டு துப்பாக்கியைத் துல்லியத்தில் விஞ்சியது. ஆயினும் விலையும், துளையில் கரி எளிதில் படிவதும் காரணமாக இராணுவம் அதை ஏற்கவில்லை. 1860 ஆம் ஆண்டில் விம்பிள்டன் போட்டியை விக்டோரியா மகாராணி விட்வர்த் துப்பாக்கியால் சுட்டுத் தொடங்கிவைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையினரும் இதைப் பயன்படுத்தினர். பின்னர், உருகிய எஃகை அழுத்தத்துக்கு உட்படுத்தி வார்க்கும் முறையை இவர் உருவாக்கினார்.

சிறப்புகளும் மறைவும்

1857 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1869 ஆம் ஆண்டில் பாரோனெட் பட்டம் பெற்றார். இயந்திரப் பொறியாளர் நிறுவனத்தின் தலைவராக இருமுறை பணியாற்றினார். தம்மைப் போல் கைத்தொழில் வழியாக வந்த இளைஞர்களும் பொறியியல் கற்க வேண்டும் என்பதற்காக 1868 ஆம் ஆண்டில் விட்வர்த் உதவித்தொகையை நிறுவினார். அது இன்றும் வழங்கப்படுகிறது.

1887 ஆம் ஆண்டு ஜனவரி 22 அன்று மொனாக்கோவில் உள்ள மாண்டி கார்லோவில் காலமானார். உடல் இங்கிலாந்தின் டார்லி டேலில் அடக்கம் செய்யப்பட்டது. இவரது சொத்தின் பெரும்பகுதி பொதுப்பணிகளுக்குச் சென்றது. மான்செஸ்டரில் உள்ள விட்வர்த் கலைக்கூடம் 1889 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இவரது நிறுவனம் 1897 ஆம் ஆண்டில் ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்துடன் இணைந்து ஆம்ஸ்ட்ராங் விட்வர்த் எனப் பெயர் பெற்றது.