ஜான் எவர்ஷெட்

ஜான் எவர்ஷெட் (பெப்ரவரி 26, 1864 – நவம்பர் 17, 1956) ஓர் ஆங்கிலேய வானியலாளர் ஆவார். சூரியப் புள்ளிகளில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிக் கிடைமட்டமாகப் பாய்வதை இவர் 1909ஆம் ஆண்டு கொடைக்கானல் வானாய்வகத்தில் கண்டறிந்தார். இப்பாய்வு எவர்ஷெட் விளைவு என அழைக்கப்படுகிறது. 1911 முதல் 1923 வரை அவ்வானாய்வகத்தின் இயக்குநராகவும் இவர் பணியாற்றினார்.

இளமைக் காலம்

எவர்ஷெட் இங்கிலாந்தின் சரே பகுதியிலுள்ள கோம்ஷால் என்னும் ஊரில் பிறந்தார். இலண்டனில் வேதிப்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் வானியலில் ஈடுபட்டார். 1890இல் கென்லி என்னும் இடத்தில் சொந்தமாக ஒரு சிறு வானாய்வகம் அமைத்துச் சூரியனை ஆராயத் தொடங்கினார். 1898 சனவரி 22 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண முதன்முறையாக இந்தியா வந்து, சூரிய விளிம்பின் நிறமாலையைப் படமெடுத்தார்.

1906இல் மேரி ஓர் என்பவரை மணந்தார். மேரியும் வானியலாளரே. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் வானியல் அறிவு குறித்து அவர் நூல் எழுதியுள்ளார்.

கொடைக்கானலில்

சென்னை வானாய்வகத்தின் பணிகள் 1899இல் பழனி மலையிலுள்ள கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் அமைந்த இவ்விடம் சூரிய ஆய்வுக்கு ஏற்றதாக இருந்தது. மிச்சி ஸ்மித் இயக்குநராக இருந்தபோது, 1907இல் எவர்ஷெட் அவருக்கு உதவியாளராகப் பணியேற்றார். கருவிகளைத் தாமே வடிவமைத்துச் செம்மைப்படுத்துவதில் இவர் வல்லவர். ஒரே ஒரு நிறமாலைக் கோட்டின் ஒளியில் சூரியனைப் படமெடுக்கும் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் கருவியை இவர் சீராக்கி, அன்றாடப் பதிவுக்குப் பயன்படுத்தினார். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றி இவரும் மேரியும் இணைந்து எழுதிய விரிவான ஆய்வு 1917இல் வெளியானது.

எவர்ஷெட் விளைவு

1908இல் அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேல், சூரியப் புள்ளிகளில் வலிமையான காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்தார். புள்ளிகள் சூறாவளியைப் போன்ற சுழல்கள் என்ற கருத்தே அப்போது வலுப்பெற்றிருந்தது. அது உண்மையானால், புள்ளியின் ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் நம்மை விட்டு விலகியும் நகர வேண்டும். டாப்ளர் விளைவின்படி, நம்மை நோக்கி வரும் வளிமத்தின் நிறமாலைக் கோடுகள் ஊதாப் பக்கமும், விலகிச் செல்லும் வளிமத்தின் கோடுகள் சிவப்புப் பக்கமும் இடம்பெயரும்.

1909 சனவரியில் எவர்ஷெட் நிறமாலைமானியின் பிளவைப் பல திசைகளில் திருப்பி வைத்துப் புள்ளிகளைப் படமெடுத்தார். சூரிய வட்டின் மையத்தையும் புள்ளியையும் இணைக்கும் கோட்டின் வழியே பிளவை வைத்தபோது இடப்பெயர்ச்சி மிகுதியாகத் தெரிந்தது. அதற்குச் செங்குத்தாக வைத்தபோது அது மறைந்தது. புள்ளி வட்டின் மையத்தில் இருந்தபோதும் இடப்பெயர்ச்சி காணப்படவில்லை. சுழற்சியால் இத்தகைய அளவீடுகள் கிடைக்க முடியாது. எனவே வளிமம் சுழலவில்லை என்றும், நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் ஆரத்தின் வழியே வெளிநோக்கிப் பாய்கிறது என்றும் இவர் முடிவு செய்தார். எதிர்பார்த்ததற்கு மாறான இம்முடிவை அவ்வாண்டே வெளியிட்டார். 1913இல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் சார்ல்ஸ் செயின்ட் ஜான் இதனை உறுதி செய்தார். சூரிய வளிமண்டலத்தின் மேலடுக்கில் பாய்வு உள்நோக்கி இருப்பதும் தெரியவந்தது.

புள்ளிகளின் தோற்றமும் மறைவும்

சூரியனின் உள்ளிருந்து காந்தப்புலக் கற்றைகள் மேற்பரப்புக்கு எழும்போது புள்ளிகள் தோன்றுகின்றன. அப்புலம் வெப்பச்சலனத்தைத் தடுப்பதால், சுமார் 5,800 கெல்வின் வெப்பநிலை கொண்ட மேற்பரப்பில் புள்ளியின் நடுப்பகுதி மட்டும் சுமார் 4,000 கெல்வினாகக் குளிர்ந்து கருமையாகத் தெரிகிறது. இந்த நடுப்பகுதி கருநிழல் எனப்படும்.

தொடக்கத்தில் புள்ளி ஒரு சிறு கருந்துளை போலவே காணப்படும். அது வளரும்போது கருநிழலைச் சுற்றி இழைகளாலான புறநிழல் உருவாகிறது. எவர்ஷெட் பாய்வு இப்புறநிழலுக்கு உரியது. புறநிழலோடு தோன்றி, அதனோடு மறைகிறது. பின்னர்ப் புள்ளியின் விளிம்பிலிருந்து சிறு காந்தத் துணுக்குகள் பிரிந்து வெளியேறப் புள்ளி தேய்கிறது. சில புள்ளிகள் சில மணி நேரத்திலும், பெரியவை சில வாரங்களிலோ மாதங்களிலோ மறைகின்றன. புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகிறது.

பிற்காலம்

எவர்ஷெட் 1915இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1918இல் அரச வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றார். ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதிக்க 1922 கிரகணத்தின்போது ஆஸ்திரேலியாவின் வாலல் சென்றார். கருவிக் கோளாறுகளால் அம்முயற்சி கைகூடவில்லை. 1923இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியபின், யூஹர்ஸ்ட் என்னும் ஊரில் மீண்டும் சொந்த வானாய்வகம் அமைத்து முதுமையிலும் சூரியனை ஆராய்ந்தார். மேரி 1949இல் காலமானார். எவர்ஷெட் தமது 92ஆம் வயதில் மறைந்தார்.

நினைவு

நிலவின் கிண்ணக்குழி ஒன்றுக்கு எவர்ஷெட்டின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. கண்டுபிடிப்பின் நூற்றாண்டையொட்டி 2008இல் இந்திய அஞ்சல் துறை சிறப்பு அஞ்சல் தலை வெளியிட்டது. கொடைக்கானல் வானாய்வகம் தற்போது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது. அங்கு நூறாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் எண்ணிம வடிவில் பாதுகாக்கப்படுகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தை ஒட்டிய பழவேற்காடு ஏரிக்கு அப்பாலுள்ள சிறீஅரிக்கோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியதும் இந்நிறுவனமே.